புதன்கிழமை சொன்ன சரி

தம்பிக்கு,

புதன்கிழமை போன்ல நான் சொன்ன 'சரிப்பா'வைத் திருப்பி வாங்கிக்கிறேன். முதல்ல இதை எழுதிடுறேன், மத்ததெல்லாம் அப்புறம். முப்பத்தோரு வருஷம் தாலுகா ஆபீசுல உக்காந்து, சிட்டாவுக்கும் அடங்கலுக்கும் நடுவுல, அடுத்தவங்க சொன்னதுக்கெல்லாம் 'உத்தரவுப்படி'ன்னு எழுதினவ நான். ரிட்டையர் ஆயி ரெண்டு வருஷமாச்சு. இனிமே யார் உத்தரவுப்படியும் எழுதுறதா இல்ல. கையாலதான் எழுதுறேன். உங்கப்பா பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்புவாரு, அவருக்கு வரிசை தெரியாது, நீ மேல இருக்கிற நம்பரைப் பாத்துப் படிச்சுக்க. பாதியில போன் பண்ணாதே. பண்ணினா எடுக்க மாட்டேன்.

நீ என்ன சொன்னேன்னு ஞாபகப்படுத்துறேன். நான் டென்னிஸ்ல சர்வீஸ் போடும்போது மல்லாந்து விழுந்த வீடியோ, கிளப் வாட்ஸ்அப் குரூப்புல இருந்து யார் யார் கையிலயோ போயி, கடைசியில தஞ்சாவூர்ல நம்ம சம்பந்தி போனுக்கே போயிடுச்சு. அவர் உன்கிட்ட "உங்கம்மா நல்ல ஸ்போர்ட்டிவ் போல மாப்ளே"ன்னு சிரிச்சிருக்காரு. உனக்குக் கூசிப்போச்சு. "தையில கல்யாணம்மா. அது முடியுற வரைக்கும் இந்த டென்னிஸை நிறுத்தி வையேன். இடுப்பு கிடுப்பு ஒடைஞ்சு மணவறைக்கு வர முடியாமப் போனா யாரு பாக்கிறது? அதுவும் இந்த வயசுல ஷூவும் பேன்ட்டும் போட்டுக்கிட்டு..." அத்தோட நிறுத்திட்ட. மிச்சத்தை நானே முடிச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை பக்கத்து ஊரு குத்தாலத்துக்காரங்களோட மேட்ச் இருக்குன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாயிலேர்ந்து வந்தது 'சரிப்பா'. நீயும் நிம்மதியா, சுகர் மாத்திரை போட்டியான்னு கேட்டுட்டு வச்சுட்ட.

சம்பந்தி சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். நான் சிரிக்கிற மாதிரிதான் விழுந்தேன். அந்த வீடியோவை நானே பதினஞ்சு தடவையாவது பாத்திருப்பேன். நீங்கள்லாம் நான் விழுந்ததைப் பாத்தீங்க, நான், ஏன் விழுந்தேன்னு பாத்தேன். பந்தைத் தலைக்குப் பின்னாடி தூக்கிப் போட்டிருக்கேன். அதைத் தேடிக்கிட்டு முதுகு வளையுது, உடம்புப் பாரம் பூரா குதிகால்ல நிக்குது, அப்புறம் விழாம என்ன செய்யும்? தப்பு வயசுல இல்ல, தூக்கிப் போட்ட கையில. அதைச் சரி பண்ணலாம். வயசைத்தான் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, அதனால அதைப் பத்தி நான் பேசுறதில்ல.

உனக்குத் தெரியாத கதை நிறைய இருக்கு. முதல் நாள் டென்னிஸ் கோர்ட்டுக்குப் போனப்ப நான் செருப்பைக் கேட்டுக்கு வெளியிலயே கழட்டி விட்டுட்டுப் போனேன். பெருக்கி, கோடு போட்டு, மட்டமா கிடந்த தரையைப் பாத்ததும் நெல்லுக் காயப்போடுற களம்னு காலுக்குத் தோணிடுச்சு. களத்துல யாராவது செருப்போட ஏறுவாங்களா? வெயில் காலம், சிமெண்டுத் தரை, நான் குதிக்கிறேன். கேர்ள்ஸ் ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருக்கிற சகாயமேரி, இப்ப எனக்கு ஜோடியா ஆடுறவ, எனக்குக் கத்துக்குடுக்கிறவ, என்னைவிட இருபது வயசு சின்னவ, அவ ஓடிவந்து, "அக்கா, இது கோயில் இல்ல, வேலைக்காவாது, போயி ஷூ வாங்கிட்டு வாங்க"ன்னா. அந்தக் கிளப்புக்குள்ள முப்பத்தோரு வருஷத்துல நான் போனதெல்லாம் பைலைத் தூக்கிக்கிட்டுக் கையெழுத்து வாங்கத்தான். ஆபீசருங்க ஆடி முடிக்கிற வரைக்கும் வேலியோரமா நிப்பேன். நிக்கிறவளுக்கு ஒரு நாற்காலி போடணும்னு ஒருத்தருக்கும் தோணினதில்ல. எனக்கும் கேக்கத் தோணல.

மேரிக்கு என்கிட்ட புரியாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. பந்து வருதுன்னா நான் பின்னாடி போவேன். ஆழமா வர்ற பந்துக்குப் போனாப் பரவாயில்ல, வலைக்குப் பக்கத்துல சோம்பேறித்தனமா எழும்புற பந்துக்கும் ரெண்டடி பின்னாடி போயி, அது இறங்கி இடுப்புக்குக் கீழ வந்தப்புறம் தோண்டி எடுப்பேன். "முன்னாடி போங்கக்கா. பந்தை உங்களுக்கு முன்னாடி வச்சு அடிங்க. பாரம் முன்காலுக்கு வரணும்." மூணு மாசம் இதையே சொன்னா. தலைக்குப் புரியும், காலுக்குப் புரியாது. ஒரு நாள் அவ அலுத்துப்போயி வலைக்கு மேல சாஞ்சுக்கிட்டு, "ஏன்க்கா, முன்னாடி அப்படி என்னதான் இருக்கு, மிதிச்சுடுவோம்னு பயப்படுறீங்க?"ன்னு கேட்டா.

நாத்து இருந்துச்சு தம்பி. நடவு நடுறவ குனிஞ்சு, முன்னாடி நட்டுக்கிட்டே பின்னாடி நகரணும். நட்டதுல கால் படக் கூடாது, பட்டா பக்கத்துல நடுறவளே வைவா. பதினோரு வயசுலேர்ந்து, குரூப் ஃபோர் எழுதி வேலை கிடைச்ச இருபத்தொம்பது வயசு வரைக்கும், குறுவைக்கும் சம்பாவுக்கும் அடுத்தவங்க வயல்ல நான் அப்படித்தான் நகர்ந்தேன். நடவுப் பணத்துலதான் தபால்ல பி.ஏ. படிச்சேன். அந்தக் காலு ஆபீசுக்கும் கூடவே வந்துச்சு. தாசில்தார் வந்தா ரெண்டடி பின்னாடி. உங்க பெரியப்பா பேசினா ரெண்டடி பின்னாடி. நீ வளந்து குரலை ஒசத்தினப்ப உனக்கும் ரெண்டடி பின்னாடி. மேரிகிட்ட நடவு விஷயத்தைச் சொன்னேன். அவ சிரிக்கல. "இது சிமெண்டுக்கா. இங்க ஒண்ணும் முளைக்காது. நல்லா மிதிங்க"ன்னு மட்டும் சொன்னா.

அன்னையிலேர்ந்து வேற மாதிரி பழகினேன். வீட்டு வாசல்ல கோலமாவால ஒரு தட்டு அகலத்துக்கு வட்டம் போடுவேன், நான் நிக்கிற இடத்துக்கு ஒரு அடி முன்னாடி. ராக்கெட் இல்லாம, பந்தை மட்டும் தூக்கிப் போட்டு, அது அந்த வட்டத்துல வந்து விழணும். கையை மடக்காம, உள்ளங்கையிலேர்ந்து உருட்டாம, விரல் நுனியால ஒசரத்துல கொண்டுபோயி விடணும். ஒரு நாளைக்கு அம்பது. முதல் வாரம் பத்து கூட விழல. உங்கப்பா டீயைக் குடிச்சுக்கிட்டு, "தூக்கிப் போடுற, எடுக்கிற. தூக்கிப் போடுற, எடுக்கிற. அடிக்கிறது எந்த மாசம்?"னு கேப்பாரு. நீ அவர்கிட்ட என்னைக் கண்காணிக்கச் சொன்னியாமே. "நான் மாட்டேன்பா, அவ கையில பேட்டு இருக்கு"ன்னு சொன்னாராம். புத்தியுள்ள மனுஷன்.

ரெண்டாவது சர்வீஸ்தான் என் உயிரை எடுத்துச்சு. முதல் சர்வீஸை வீராப்பா அடிப்பேன், வலையில போகும். ரெண்டாவதும் போனா பாயின்ட் போச்சுன்னு பயந்துக்கிட்டு, பந்தைச் சும்மா தொட்டு விடுவேன். எதிராளிக்கு அது வாழைப்பழம். "முதல்ல அடிக்கிறீங்க, அப்புறம் மன்னிப்பு கேக்கிறீங்க"ன்னு மேரி கேலி பண்ணுவா. ரெண்டாவதுக்கும் வேகத்தைக் குறைக்கவே கூடாதாம். பந்தோட முதுகுல கீழேர்ந்து மேல உரசிவிடணும், வலைக்கு நல்லா மேல போகணும், வீச்சு முழுசா இருந்தாத்தான் பந்து சுழண்டு உள்ள வந்து இறங்கும். பயந்து இழுத்துப் பிடிச்சாத்தான் அது கண்ட இடத்துக்குப் போகும். எனக்கு இது வர ஏழு மாசம் ஆச்சு. இப்பவும் பத்துக்கு நாலு தப்பும்.

இனிமே எழுதப்போறது உனக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கல. புதன்கிழமை உனக்குச் சரின்னு சொன்னதும், வியாழக்கிழமை மேரிகிட்ட ஞாயித்துக்கிழமை வரலன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டா. பையன் வேண்டாங்கிறான்னேன். அவ என் ராக்கெட்டை எடுத்து, பிடிக்குக் கீழ இருந்த நீல மை எழுத்தைக் காட்டி, "இந்தப் பையனா?"ன்னு கேட்டா. அது உன் இனிஷியல். உன் கையெழுத்து. கிளப்புல யாரோ குடுத்த பழைய ராக்கெட்னு உன்கிட்ட சொல்லியிருந்தேனே, அது பொய். அது உன் ராக்கெட். பிளஸ் டூ படிக்கிறப்ப உன் பி.டி. சார் ஆசையா உனக்குக் குடுத்தாரே, நீ பஸ்ல தொலைச்சிட்டதா நெனச்சுக்கிட்டு இருக்கியே, அதே ராக்கெட்.

நீ தொலைக்கல. நான்தான் ஒளிச்சேன். அரைப்பரீட்சையில கணக்குல மார்க் குறைஞ்சு வந்த. அடுத்த வாரம் மாவட்டப் போட்டி, நீ புஸ்தகத்தைத் தொடல. நீ குளிக்கப் போன நேரத்துல அதைத் துணியில சுத்தி, கொல்லைப் பக்கத்து அறையில நெல்லுக் கொட்டி வச்சிருந்த பத்தாயத்துல, முழங்கை ஆழத்துக்கு நெல்லைத் தோண்டிப் புதைச்சேன். நீ வந்து தேடினப்ப, "பஸ்ல விட்டுட்டு வந்திருப்ப, உனக்கு எதுலதான் கவனம் இருக்கு"ன்னேன். நீ நம்பிட்ட. மூணு நாள் பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒவ்வொரு கண்டக்டரா கேட்ட. மூணாவது நாள் ராத்திரி சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, "எனக்கு அதைக் கூட வச்சுக்கத் தெரியலம்மா"ன்னு அழுத. நான் உனக்கு ரசம் ஊத்தினேன். அந்த நேரத்துல எந்திரிச்சுப் போயி பத்தாயத்தைத் திறந்திருக்கலாம். திறக்கல. நீ கணக்குல நல்ல மார்க் வாங்கின, இன்ஜினியரிங் போன, சிங்கப்பூர் போன. நான் செஞ்சது சரின்னு இத்தனை வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

மறந்துட்டேன்னு எழுதினா அதுவும் பொய்தான். நெல்லு அளக்கப் பத்தாயத்தைத் திறக்கிறப்பல்லாம் கை அதுல இடிக்கும். நீ ஒவ்வொரு தடவை ஊருக்கு வந்துட்டுக் கிளம்பும்போதும் பாஸ்போர்ட்டை நாலு தடவை தொட்டுப் பாப்ப. பையை எண்ணுவ, திரும்பவும் எண்ணுவ. "என்னம்மா, நான்தான் எல்லாத்தையும் தொலைக்கிறவனாச்சே"ன்னு சிரிப்ப. உன்னைப் பத்தி நீயே தப்பா நம்புறதுக்கு நான் காரணம். ரிட்டையர் ஆன மாசம், கரையான் புடிச்சுதுன்னு பத்தாயத்தைக் காலி பண்ணினப்ப அதை வெளியில எடுத்தேன். நரம்பெல்லாம் இத்துப்போயிருந்துச்சு, பிடியை எலி கடிச்சிருந்துச்சு. உனக்குத் திருப்பிக் குடுக்கணும்னுதான் தஞ்சாவூர்ல குடுத்து நரம்பு மாத்திக்கிட்டு வந்தேன். வந்த அன்னைக்குக் கொல்லையில நின்னு சும்மா ஒரு வீசு வீசிப் பாத்தேன். காத்துல 'விஷ்'ஷுன்னு ஒரு சத்தம். இதையாடா புள்ளைகிட்டேர்ந்து பறிச்சோம்னு இருந்துச்சு. மறுநாள் காலையில கிளப்புக்குப் போயிட்டேன்.

இப்ப நீயே சொல்லு. நான் அன்னைக்கு உன் நல்லதுக்குன்னு உன் ராக்கெட்டைப் புதைச்சேன். நீ இன்னைக்கு என் நல்லதுக்குன்னு அதே ராக்கெட்டைப் புதைக்கப் பாக்கிற. நான் செஞ்சது அநியாயம். நீ செய்யுறதும் அதுதான். ஒரே சாமானை ரெண்டு தடவை புதைக்க நான் விட மாட்டேன். வெள்ளிக்கிழமையே மேரிகிட்ட, ஞாயித்துக்கிழமை ஆட வர்றேன்னு சொல்லிட்டேன். இடுப்பு ஒடைஞ்சா ஒடையட்டும், வாக்கர் வச்சுக்கிட்டு மணவறையில வந்து நிப்பேன். போட்டோவுல அதுவும் விழட்டும். அறுபத்திரண்டு வயசுல வாசல்ல உக்காந்து கீரை ஆய்ஞ்சாத்தான் அம்மான்னு நீ நெனச்சா, அது உன் கஷ்டம்.

கல்யாணம் பண்ணிக்கப் போற, அதனால ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நான் 'சரிப்பா'ன்னதும் நீ போனை வச்சுட்ட. அந்தச் சரிக்குள்ள என்ன இருக்குன்னு நீ பாக்கல, பாக்கணும்னு நானும் உனக்குப் பழக்கல. இருபது வருஷம் உங்கப்பாகிட்டயும் நான் அப்படித்தான் சரி சரின்னு சொல்லி, அப்புறம் பாத்திரத்தை டமார்னு வைப்பேன். அவர் பாவம், பாத்திரத்துல என்ன குத்தம்னு பாப்பாரு. நிவேதா உன்கிட்ட ஒரு நாள் 'சரிங்க'ன்னு சொல்லுவா. உடனே போனை வைக்காதே. "நிஜமாவே சரியா?"ன்னு ஒரு தடவை கேளு, பதில் வர்ற வரைக்கும் இரு. அப்புறம் இன்னொண்ணு, என் வீடியோவைப் பாத்து அவங்கப்பா சிரிச்சது தெரியுது, அவ என்ன நெனச்சான்னு நீ கேட்டியா? கேட்டிருக்க மாட்ட.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் நாலு மணி. மேட்ச் முடிஞ்சு, குளிச்சு, முழங்காலுக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டே இதை எழுதுறேன். குத்தாலத்துலேர்ந்து வந்தவங்கள்ல ஒருத்தி பேங்குல வேலை பாக்கிறவ, இன்னொருத்தி மெடிக்கல் ஷாப் வச்சிருக்கா. ரெண்டு பேருக்கும் நாப்பத்தஞ்சுக்குள்ள. ஒரே செட்டுதான். ஆரம்பத்துலயே மூணு கேம் விட்டுட்டோம், நான் பழையபடி பின்னாடி பின்னாடி போயிக்கிட்டு இருந்தேன். மேரி பக்கத்துல வந்து, "அக்கா, சிமெண்டு"ன்னா. அந்த ஒரு வார்த்தைதான். அப்புறம் கோர்ட்டுக்கு நடுவுல அடிச்சோம், அந்த ரெண்டு பேரும் நீ எடு நான் எடுன்னு ஒருத்தியை ஒருத்தி பாத்துக்கிட்டு நின்னாங்க. நாலுக்கு நாலு ஆச்சு. அடுத்ததை அவங்க எடுத்தாங்க. அதுக்கடுத்த கேம் என் சர்வீஸ்.

முப்பது நாப்பது. இந்தப் பாயின்ட் போனா எல்லாம் போச்சு. முதல் சர்வீஸ் வலையில. மெடிக்கல் ஷாப்காரி என் ரெண்டாவது சர்வீஸைக் காலையிலேர்ந்து பாத்து வச்சிருந்தா, ரெண்டடி உள்ள வந்து நின்னுக்கிட்டா, வாழைப்பழம் வரும்னு. வேலிக்கு வெளியில உங்கப்பா, நடவு வயல்லேர்ந்து அப்படியே சேத்துக் காலோட வந்து நிக்கிறாரு. மன்னிப்பு கேக்கிறதில்லன்னு முடிவு பண்ணினேன். கோலமாவு வட்டத்தை மனசுல போட்டுக்கிட்டு, பந்தைத் தூக்கி, முழு வீச்சு வீசினேன். வலைக்கு மேல நல்லா ஏறி, சுழண்டு, கோட்டுக்கு உள்ள இறங்கி, அவ தோளுக்கு எழும்புச்சு. அவ தடுமாறித் தடுத்துவிட்டா. பந்து நடுக் கோர்ட்டுல, ஒசரமா, மெதுவா வந்துச்சு. பழைய நானா இருந்தா பின்னாடி போயி அது இறங்கக் காத்திருப்பேன். ஓடினேன் தம்பி, முன்னாடி. முன்கால்ல பாரத்தைப் போட்டு, ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த சந்துக்குக் குறி வச்சு அடிச்சேன்.

நாலு விரக்கடை வெளியில விழுந்துச்சு. தோத்துட்டோம். மேரி என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. பேங்குக்காரி வந்து கையைக் குடுத்து, "கடைசி சர்வீஸ் எங்கேர்ந்து கொண்டுவந்தீங்க?"ன்னு கேட்டா. உங்கப்பா வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே, "நாலு விரக்கடைதானே, தையிக்குள்ள உள்ள வந்துடும்"னாரு. வர்ற மாசம் குத்தாலத்துல திரும்ப ஆட்டம். பேர் குடுத்துட்டேன். நீ பாத்துக் கூசுறதுக்கு வீடியோ அனுப்பச் சொல்றேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடி வர்றதா சொன்ன. வந்த மறுநாள் காலையில ஆறு மணிக்குக் கோர்ட்டை எழுதி வச்சுட்டேன், ரிஜிஸ்டர்ல உன் பேரும் என் பேரும் இருக்கு. உன் ராக்கெட்டை நீ எடுத்துக்க, எனக்கு மேரி ஒண்ணு தருவா. கிளம்பும்போது பாஸ்போர்ட்டை ஒரு தடவை பாத்தாப் போதும், நீ எதையும் தொலைக்கிறவன் இல்ல. பதினாறு வருஷக் கோவம் உனக்கு இருக்கும், இருக்கணும். அதைப் போன்ல காட்டாதே, கோர்ட்டுல வந்து காட்டு. எவ்வளவு வேகமா வேணாலும் அடி. நான் பின்னாடி போக மாட்டேன்.

அம்மா